மூக்குக்கண்ணாடியும் புதிய அச்சுத் தொழிலும்

(மத்தூர் ஊராட்சி ஒன்றியத்தில் நடைபெற்ற கிராம வளர்ச்சிக் கூட்டத்தில் வட்டார வளர்ச்சி அலுவலர் ஆற்றிய உரை)

இன்று நான் பேச எடுத்துக்கொண்ட பொருள் உங்களிற் சிலருக்கு வியப்பைத் தரக்கூடும். ஏரி, வாய்க்கால், குடிநீர், சாலை ஆகியவை பற்றிப் பேச வேண்டிய அலுவலர் மூக்குக்கண்ணாடி பற்றிப் பேச வந்தது ஏன் என்று நீங்கள் எண்ணலாம். அதற்குக் காரணம் உண்டு. ஓசூர்த் தொழிற்சாலைகளுக்குச் சென்று வரும் நம் இளைஞர்கள், "கணினியில் படம் வரைந்து கொடுத்தால் போதும், இயந்திரம் கண்ணாடிச் சட்டத்தை அச்சடித்துத் தந்துவிடுகிறது" என்று ஊரில் சொல்லி வருகின்றனர். அதைக் கேட்ட பெரியோர் சிலர், அத்தகைய இயந்திரம் ஒன்றை வாங்கி மகளிர் குழுவிடம் ஒப்படைத்தால், ஊராருக்கு மலிவாகக் கண்ணாடி கிடைக்கும் அல்லவா, நாலு பேருக்கு வேலையும் கிடைக்கும் அல்லவா என்று என்னை வினவினர். நல்ல கேள்வி. பொதுப் பணத்தைச் செலவிடும் காரியம். ஆதலால் இத்தொழில் எத்தகையது, அதில் நமக்கு ஆவது எது, ஆகாதது எது என்பதை ஆர அமர எண்ணிப் பார்ப்பது நம் கடமை.

மூன்று வழிகள்

ஒரு பொருளைச் செய்வதற்கு மூன்று வழிகள் உள்ளன. மூன்றையும் நீங்கள் அறிவீர்கள். நம் மாவட்டத்துக் கருங்கல்லை எடுத்து உளியால் செதுக்குகிறோம்; வேண்டாத பகுதி சில்லாக உதிர்கிறது, வேண்டியது நிற்கிறது. இது குறைத்துச் செய்யும் வழி. காய்ச்சிய வெல்லப் பாகை அச்சில் ஊற்றுகிறோம். அச்சு எப்படியோ வெல்லமும் அப்படியே. இது வார்த்துச் செய்யும் வழி. நம் பாட்டிமார் தானியம் சேர்க்க மண் குதிர் செய்தார்களே, அதை எவ்வாறு செய்தார்கள்? ஒரு வளையம் மண் வைத்து, அது இறுகியபின் அதன்மேல் இன்னொரு வளையம் வைத்து, அடுக்கடுக்காக உயர்த்தினார்கள். இது சேர்த்துச் செய்யும் வழி.

இன்று முப்பரிமாண அச்சு என்று சொல்லப்படுவது இந்த மூன்றாவது வழியேயாகும். குதிரின் வளையம் ஒரு சாண் உயரம் இருந்தால், இயந்திரத்தின் அடுக்கு ஏறத்தாழ 0.1 மில்லிமீட்டர் கனம் மட்டுமே இருக்கும். பாட்டியின் கையும் கண்ணும் செய்த வேலையைக் கணினியும் லேசர் ஒளியும் செய்கின்றன.

இதன் வரலாறு நீண்டதன்று. அமெரிக்காவில் சக் ஹல் என்பவர், திரவப் பிசினை ஒளியால் அடுக்கடுக்காக இறுகச் செய்யும் முறைக்கு 1984-ஆம் ஆண்டில் காப்புரிமை கோரினார். 1986-இல் அது கிடைத்தது. அதே பத்தாண்டில் டெக்சாஸ் பல்கலைக்கழகத்தில் கார்ல் டெக்கார்டு என்னும் மாணவர் தூளை லேசரால் உருக்கி ஒட்டவைக்கும் முறையை வகுத்தார். கண்ணாடிச் சட்டத் தொழிலுக்கு மிகுதியும் பயன்பட்டு வருவது இந்தத் தூள் முறையே.

சட்டம் உருவாகும் விதம்

கடைகளில் விற்கும் பிளாஸ்டிக் சட்டங்களில் இரு வகை உண்டு. ஒன்று, பஞ்சிலிருந்தும் மரக்கூழிலிருந்தும் செய்யப்படும் அசிட்டேட் பலகையை வெட்டிக் குடைந்து செய்வது. பலகையின் பெரும்பகுதி கழிவாகவே போகிறது. மற்றொன்று, உருக்கிய பிளாஸ்டிக்கை எஃகு அச்சில் செலுத்தி வார்ப்பது. இதில் கழிவு குறைவு; ஆயின் எஃகு அச்சைச் செய்யப் பெரும்பொருள் செலவாகும். ஆயிரக்கணக்கில் ஒரே அளவுச் சட்டங்களை வார்த்து விற்றால்தான் அந்தச் செலவு ஈடாகும். முகம் பலவாக இருக்க, அளவு சிலவாக இருப்பதற்கு இதுவே காரணம்.

புதிய முறை வேறு. சூடேற்றிய பெட்டியில் நைலான் தூள் மெல்லிய படலமாகப் பரப்பப்படுகிறது. சட்டத்தின் வடிவம் எங்கு வர வேண்டுமோ அங்கு மட்டும் லேசர் ஒளி பாய்ந்து தூளை உருக்குகிறது. அதன்மேல் மறுபடியும் தூள், மறுபடியும் ஒளி. இவ்வாறு நூற்றுக்கணக்கான அடுக்குகள் சேர்ந்தபின் பெட்டி மெல்ல ஆறுகிறது. அச்சிட்டு ஆறுவதற்கு ஒரு நாளோ அதற்கு மேலோ ஆகலாம். ஒரே பெட்டியில் பல சட்டங்கள் ஒருங்கே உருவாகும். ஒன்று குழந்தைக்கும் மற்றொன்று முதியவருக்குமாக இருக்கலாம். அளவு மாறினாலும் இயந்திரத்துக்குச் செலவு ஒன்றே. உருகாமல் மிஞ்சிய தூளின் பெரும்பகுதியைப் புதுத் தூளுடன் கலந்து மீண்டும் பயன்படுத்தலாம்.

பெட்டியிலிருந்து எடுத்தவுடன் சட்டம் அணியத் தக்கதாகிவிடுவதில்லை என்பதை இங்கே கவனிக்க வேண்டும். ஒட்டிய தூளைத் தட்டிக் களைய வேண்டும். சிறு கற்களுடன் உருட்டி மெருகேற்ற வேண்டும். வெந்நீர்ச் சாயத் தொட்டியில் இட்டு நிறமேற்ற வேண்டும். கீல் பொருத்தி, லென்சு பொருத்தி, அணிபவர் முகத்துக்கு ஏற்பச் சரிசெய்ய வேண்டும். இவற்றுள் பெரும்பாலானவை கைவேலைகள். இதை நினைவில் வைத்திருங்கள்; பின்னர் இதற்கு வருவேன்.

வெளிநாடுகளில் கண்ட மாற்றம்

ஜெர்மனியின் பெர்லின் நகரைச் சேர்ந்த மைக்கிட்டா என்னும் நிறுவனம் 2011-இல் இம்முறையில் செய்த சட்டங்களை விற்பனைக்குக் கொண்டுவந்தது. 2016-இல் ஜப்பானிய லென்சு நிறுவனமான ஹோயா, பெல்ஜியத்தின் மெட்டீரியலைஸ் நிறுவனத்துடனும் ஹூட் என்னும் வடிவமைப்புக் கூடத்துடனும் சேர்ந்து 'யூனிகு' என்றொரு முறையை அறிமுகம் செய்தது. இதன் சிறப்பு யாதெனில், முகத்தைக் கருவியால் அளந்து, கண்பாவைக்கு நேராக லென்சு எங்கு நிற்க வேண்டும் என்பதை முதலில் கணக்கிட்டு, அதற்குப் பொருந்தச் சட்டத்தை அச்சிடுவதாகும். அதுவரை சட்டத்தைத் தேர்ந்தெடுத்து அதற்குள் லென்சை அடக்கினார்கள். இங்கே கண்ணுக்கு முதலிடம், சட்டம் அதற்கு ஏவல் செய்கிறது.

இது அலங்காரத்துக்கான செய்தியன்று. லென்சின் மையம் கண்பாவைக்கு நேராக நில்லாமல் விலகினால், எண் சரியாக இருந்தும் தலைவலி வரும், தரை ஏறி இறங்குவதுபோல் தோன்றும். எண் மிகுந்த லென்சில் இக்குறை இன்னும் அதிகம். சட்டம் மூக்கிலிருந்து வழுக்கினாலும் இதே விளைவுதான். மூக்குத் தண்டு தாழ்ந்தவர்கள், தலை சிறுத்த குழந்தைகள், ஒரு காது ஊனமுற்றவர்கள் ஆகியோருக்குப் பொது அளவுச் சட்டம் பொருந்துவது அரிது. இத்தகையோருக்கு ஆளுக்கொரு சட்டம் செய்து தருவது பழைய முறையில் கட்டுபடியாகாது; புதிய முறையில் கட்டுபடியாகும். காதுக்குள் பொருத்தும் செவிப்பொறியின் கூடு ஒவ்வொருவர் காதுக்கும் ஏற்ப அச்சிடப்படுவது இன்று வழக்கமாகிவிட்டது. கண்ணாடியும் அவ்வழியில் நடக்கத் தொடங்கியுள்ளது.

லென்சையே அச்சிடவும் முயன்றுள்ளனர். ஐரோப்பாவில் லக்செக்செல் என்னும் நிறுவனம் அதில் தேர்ச்சி பெற்றது. 2022-இல் அமெரிக்காவின் மெட்டா நிறுவனம் அதனை வாங்கிக்கொண்டது. ஆயினும் இன்றும் நாம் அணியும் லென்சுகள் பெரும்பாலும் வார்த்தும் கடைந்துமே செய்யப்படுகின்றன.

நம் பக்கத்து நிலை

நம் மாவட்டத்துக்கு இத்தொழிலோடு உறவு இல்லாமல் இல்லை. தமிழ்நாடு தொழில் வளர்ச்சிக் கழகமும் டாட்டா குழுமமும் கூட்டாக 1984-இல் தொடங்கிய டைட்டன் நிறுவனம் ஓசூரில் கைக்கடிகாரம் செய்து பெயர் பெற்றது. அதே நிறுவனம் 2007-இல் மூக்குக்கண்ணாடி வணிகத்தில் இறங்கியது. அதன் லென்சுக் கூடம் எல்லைக்கு அப்பால், கர்நாடகத்துச் சிக்கபள்ளாப்பூரில் உள்ளது. உலோகத்தையும் பிளாஸ்டிக்கையும் நுட்பமாக வெட்டி, மெருகேற்றி, பொருத்தும் கைகள் ஓசூர்ப் பகுதியில் ஏராளம். பெங்களூரிலோ விப்ரோ போன்ற நிறுவனங்கள் உலோகத் தூளை அச்சிடும் தொழிலை நடத்திவருகின்றன. இந்திய அரசும் 2022-இல் இத்தொழிலுக்கெனத் தேசியக் கொள்கை ஒன்றை வெளியிட்டது.

இனி, இயந்திரம் வாங்கலாமா என்னும் கேள்விக்கு வருவோம். என் கருத்து, இப்போது வேண்டாம் என்பதே. காரணங்களைக் கூறுகிறேன்.

முதலாவது, விலை. தூளை லேசரால் உருக்கும் தொழிற்சாலை இயந்திரம் கோடி ரூபாயைத் தொடுவது. அதற்குத் தடையில்லா மின்சாரம், தூசியடங்கிய அறை, பழுது பார்க்கும் பொறியாளர் ஆகிய யாவும் வேண்டும். சில ஆயிரம் ரூபாய்க்குக் கிடைக்கும் சிறு இயந்திரம் வேறு வகையைச் சேர்ந்தது. பிளாஸ்டிக் நூலை உருக்கிக் கோடு கோடாக இழைப்பது. மாதிரி செய்து பார்க்க அது போதும். நாள்தோறும் வெயிலிலும் வியர்வையிலும் அணிந்து உழைக்கும் சட்டத்துக்கு அதன் உறுதி போதாது, அடுக்குகளுக்கிடையே பிளந்துவிடும்.

இரண்டாவது, மலிவு. அச்சிட்ட சட்டம் மலிவானது என்பது பிழை. ஒரே அளவில் பல்லாயிரம் செய்வதற்கு வார்ப்பு முறையே மலிவு. அச்சு முறையின் பலன், ஒன்றிரண்டு செய்தாலும் செலவு ஏறாது என்பதும், சரக்கைச் செய்து குவித்து வைக்க வேண்டியதில்லை என்பதுமே. ஐரோப்பாவில் இவை உயர்ந்த விலைக்கே விற்கின்றன.

மூன்றாவது காரணமே முதன்மையானது. நம் ஊரில் குறைவாக இருப்பது சட்டமா, பரிசோதனையா? நாற்பது வயதுக்கு மேற்பட்டோர் பலர் வெள்ளெழுத்தோடு வாழ்கின்றனர். பூச்சிமருந்துப் புட்டியின் மேல் அச்சிட்ட அளவைப் படிக்க முடியாமல் கைக்கணக்கில் ஊற்றுகின்றனர். தையல் ஊசியில் நூல் கோக்கப் பேரனைக் கூப்பிடுகின்றனர். உலக சுகாதார நிறுவனம் 2019-இல் வெளியிட்ட பார்வை அறிக்கையின்படி, வெள்ளெழுத்துக்குத் தக்க கண்ணாடி கிடைக்காதவர்கள் உலகில் 82 கோடிக்கு மேற்பட்டோர். இதற்கு அளந்து அச்சிட்ட சட்டம் தேவையில்லை. கண்ணைச் சோதித்தபின், பெரும்பாலோருக்குச் சாதாரணப் படிப்புக் கண்ணாடியே போதும்.

அதன் பயன் சிறிதன்று. அசாம் மாநிலத் தேயிலைத் தோட்டங்களில் நாற்பது வயதும் அதற்கு மேலும் ஆன 751 தொழிலாளரிடம் நடத்தப்பட்ட ஆய்வு 2018-இல் வெளிவந்தது. கண்ணாடி பெற்றவர்கள் பறித்த கொழுந்து, பெறாதவர்கள் பறித்ததைவிட ஏறத்தாழ 22 விழுக்காடு கூடுதலாக உயர்ந்தது. வங்காள தேசத்துச் சிற்றூர்களில் நடந்து 2024-இல் வெளியான ஆய்வில், கண்ணாடி பெற்றோரின் வருமானம் மற்றவர்களுடையதைவிட மூன்றில் ஒரு பங்கு உயர்ந்திருக்கக் கண்டனர். களை பறிப்பதும், காய் தரம் பிரிப்பதும், விதை பொறுக்குவதும் கண்ணை நம்பிய வேலைகள் அல்லவா?

மதுரை காட்டிய பாடம்

அப்படியானால் புதிய தொழில்நுட்பம் ஏழைக்கு ஆகாதா என்று கேட்பீர்கள். ஆகும், ஆனால் வரிசை முக்கியம். மதுரையில் டாக்டர் கோ. வெங்கடசாமி அவர்கள் 1976-இல் அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கினார். கண்புரை அறுவைக்குப்பின் கண்ணுக்குள் பொருத்தும் லென்சு அந்நாளில் வெளிநாட்டிலிருந்தே வந்தது. ஏழைகளுக்கு எட்டாத விலை. 1992-இல் ஆரோலேப் என்னும் கூடத்தை நிறுவி அதை மதுரையிலேயே செய்தனர். விலை பத்தில் ஒரு பங்குக்கும் கீழே இறங்கியது. அங்கே முதலில் நோயாளரைத் தேடிச் சென்று சோதிக்கும் ஏற்பாடு அமைந்தது. தேவை இன்னது, இவ்வளவு என்று தெரிந்தபின் இயந்திரம் வந்தது. இயந்திரத்தை முதலில் வாங்கி வைத்துவிட்டு வேலையைத் தேடியிருந்தால் இப்பயன் விளைந்திராது.

நாம் செய்யத் தக்கவை

ஆகவே நம் ஊராட்சிகள் செய்யத் தக்க காரியங்கள் நான்கைக் கூறுகிறேன்.

முதற்காரியம், கண் பரிசோதனை. பள்ளிப் பிள்ளைகளுக்கு இலவசக் கண்ணாடி வழங்க 1976 முதல் நடந்துவரும் தேசியப் பார்வையிழப்புத் தடுப்புத் திட்டத்தில் வழி உண்டு. நம் மாவட்டத்துச் சாமனப்பள்ளியில் 2021 ஆகஸ்டு 5-ஆம் நாள் தொடங்கப்பெற்ற 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தின் ஊழியர்கள் சர்க்கரை நோயாளரை வீடு தேடி வந்து பார்க்கின்றனர். சர்க்கரை நோய் கண்ணின் உள்திரையையும் கெடுக்கும். ஆதலால் அந்நோயாளர் ஒவ்வொருவரும் ஆண்டுக்கு ஒருமுறையேனும் கண் மருத்துவரிடம் காட்டிக்கொள்ள வேண்டும். எத்தனை பேர் கண்ணைச் சோதித்துக்கொண்டனர் என்னும் கணக்கைக் கிராம சபையில் கேளுங்கள். தெருவிளக்குக்குக் கணக்குக் கேட்கும் நாம் கண்விளக்குக்கும் கேட்க வேண்டாமா?

இரண்டாவது, கொடுத்த கண்ணாடி பொருந்துகிறதா என்று பார்ப்பது. பிள்ளை கண்ணாடியைப் பையில் வைத்துக்கொண்டு வெறுங்கண்ணோடு கரும்பலகையைப் பார்த்தால், சோம்பல் என்று அதட்டாதீர்கள். வழுக்குகிறதா, காதுக்குப்பின் அழுத்துகிறதா என்று கேளுங்கள். எந்தச் சட்டமும் பொருந்தாத பிள்ளைகள் ஊருக்கு ஒருவர் இருவர் இருக்கக்கூடும். அவர்கள் பெயரைத் தனியே குறித்து வைக்கும்படி ஆசிரியர்களை வேண்டுகிறேன். அளந்து அச்சிட்ட சட்டம் உண்மையில் தேவைப்படுவது அவர்களுக்கே. ஒன்றியம் முழுவதற்குமான பட்டியல் ஒன்று கையில் இருந்தால், இயந்திரம் வைத்திருக்கும் தொழிற்கூடத்தை அணுகிச் செய்து வாங்குவது எளிது. மாவு அரைக்க வீட்டுக்கு வீடு மில் வைப்பதில்லை அல்லவா?

மூன்றாவது, இளைஞரும் மகளிரும் கைத்திறன் பெறுவது. இத்தொழிலில் இயந்திரத்தைவிட அரியது, கணினியில் வடிவம் வரையத் தெரிந்த ஆள். தமிழக அரசு 71 அரசுத் தொழிற்பயிற்சி நிலையங்களைப் புதிய தொழில்நுட்பக் கூடங்களாகத் தரம் உயர்த்தியுள்ளது. அடல் ஆய்வகம் அமைந்த பள்ளிகளில் சிறு முப்பரிமாண அச்சு இயந்திரமும் உண்டு. அது உறைக்குள் உறங்காமல் பிள்ளைகள் கைக்கு வரப் பெற்றோர் முயல வேண்டும்.

சகோதரிகளுக்கு ஒரு சொல். மகளிர் சுய உதவிக் குழு இயக்கம் தமிழகத்தில் முதன்முதலாக 1989-இல் தொடங்கியது, அன்றைய தருமபுரி மாவட்டத்தில். நாம் அன்று அம்மாவட்டத்தில் இருந்தோம். அதன் பின்னர் ஓசூர்ப் பக்கத்தில் மைராடா தொண்டு நிறுவனத்தின் துணையோடு குழுப் பெண்கள் 'மெடோ' என்னும் சொந்த நிறுவனம் அமைத்து, டைட்டன் கைக்கடிகாரங்களின் உலோகப் பட்டைகளைக் கோக்கும் வேலையை ஏற்று நடத்தினர். கோடி ரூபாய் இயந்திரத்தை அவர்கள் வாங்கவில்லை. பெரிய தொழிற்சாலை தரும் நுண்வேலையைத் தரம் தவறாமல் செய்து கொடுத்தனர். முன்னே நான் நினைவில் வைக்கச் சொன்னது இதற்காகத்தான். அச்சிட்ட சட்டத்தை மெருகேற்றல், நிறமேற்றல், கீல் பொருத்தல் ஆகியவை அத்தகைய வேலைகளே. நாளை இத்தொழில் ஓசூருக்குப் பரவுமாயின், நம் குழுக்கள் நுழையத் தக்க வாசல் அதுவே.

ஆமணக்கும் கண்ணாடியும்

நான்காவது, விவசாயிகளுக்கு உரியது. அச்சுக்கு உதவும் நைலான் தூளில் ஒரு வகை மண்ணெண்ணெய் பிறக்கும் அதே கச்சா எண்ணெயிலிருந்து வருவது. மற்றொரு வகை, நைலான் 11 எனப்படுவது, விளக்கெண்ணெயிலிருந்து வருவது! ஆம், நிலக்கடலைக் கொல்லையின் ஓரத்தில் நாம் நடும் கொட்டமுத்தே அதன் தாய். 1940-களில் பிரான்சு நாட்டில் இதனைக் கண்டறிந்தனர். உலகின் ஆமணக்கில் பெரும்பங்கு இந்தியாவில், அதிலும் பெரும்பங்கு குஜராத்தில் விளைகிறது. அங்கே 2016 முதல் 'பிரகதி' என்னும் திட்டத்தின்கீழ் எண்ணெய் வாங்கும் நிறுவனங்களே உழவர்களுக்கு நல்விதையும் சாகுபடி முறையும் பயிற்றுவிக்கின்றன.

இதைக் கேட்டு, நாளையே நெல் வயலை ஆமணக்காக மாற்றிவிடாதீர்கள். கணக்குப் பாருங்கள். ஒரு சட்டம் 20 கிராம் எடை என்று வைத்துக்கொண்டால், பத்து லட்சம் சட்டங்களுக்கும் 20 டன் நைலானே வேண்டும். கண்ணாடியை நம்பி ஆமணக்கு விலை ஏறாது. மருந்து, சாயம், மசகு எண்ணெய் எனப் பல தொழில்களும் வாங்குவதால்தான் அதற்குச் சந்தை இருக்கிறது. அச்சுத் தொழில் அவற்றோடு சேரும் ஒரு புது வாடிக்கை, அவ்வளவே. ஆயினும் மானாவாரி நிலத்தில், மழை பொய்த்தாலும் தாங்கி நிற்கும் பயிர் இது. ஓரப் பயிராகவும் ஊடுபயிராகவும் இடுவதில் நட்டமில்லை. சேலம் மாவட்டம் ஏத்தாப்பூரில் உள்ள மரவள்ளி மற்றும் ஆமணக்கு ஆராய்ச்சி நிலையத்தில் வீரிய ஒட்டு ரகங்கள் உள்ளன. வேளாண்மை அலுவலரைக் கலந்துகொண்டு விதை பெறலாம். ஆமணக்குப் பிண்ணாக்கு நல்ல எரு. மாட்டுக்கு மட்டும் வைத்துவிடாதீர்கள், அதில் நஞ்சு உண்டு.

அன்பர்களே! புதுமை என்றவுடன் ஓடி வாங்குவதும் கூடாது, நமக்கென்ன என்று முகம் திருப்புவதும் கூடாது. இயந்திரத்துக்கென ஒதுக்க நினைத்த தொகையில் சிறு பங்கைக்கொண்டு கண் மருத்துவரை ஊருக்கு அழைத்து வர இயலும். அவர் தரும் பட்டியல் நம் தேவையைச் சொல்லும். ஆளுக்கேற்ற சட்டம் எத்தனை பேருக்கு வேண்டும் என்று அப்போது தெரியும். அந்த எண்ணிக்கையை வைத்துக்கொண்டு இக்கேள்வியை மீண்டும் எழுப்புங்கள், உடனிருந்து ஆவன செய்ய நான் கடமைப்பட்டுள்ளேன். அடுத்த கிராம சபைக் கூட்டத்தின் பொருள் நிரலில் கண் பரிசோதனை முகாமைச் சேர்க்கும்படி ஒவ்வொரு ஊராரையும் கேட்டுக்கொண்டு, என் உரையை முடித்துக்கொள்கிறேன்.